ஆந்தைக்குக் கல்லெறியலாமா?

உங்கள் வீட்டுக் கூரையில் ஓர் ஆந்தை வந்து அமர்ந்து அலறினால் என்ன செய்வீர்கள்? கிராமத்தில் பிறந்து வளர்ந்தவராயின் யோசிக்கவே மாட்டீர்கள். கை தானாகக் கல்லைத் தேடும். நீங்கள் எறியாவிட்டாலும் பக்கத்து வளவிலிருந்து யாராவது எறிவார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் "யாருக்கு வந்ததோ!" என்று பெருமூச்சு விடுவார்கள். நோயாளி இருக்கும் வீடாயின் சொல்லவே தேவையில்லை. 'சாக்குருவி' என்று அந்தப் பறவைக்குப் பெயரே வைத்துவிட்டோம் அல்லவா?

இந்தப் பறவை நமக்கு என்ன செய்தது? நாம் அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம்? இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஏனென்றால் அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இஸ்லாத்துக்கு முந்திய அரபு மக்களிடமும் இதே பயம் இருந்தது. கொலை செய்யப்பட்டவனின் எலும்பிலிருந்தோ ஆவியிலிருந்தோ ஒரு பறவை புறப்படும், அது கப்றுக்கு மேலே நின்று "எனக்குப் பருகத் தாருங்கள், பருகத் தாருங்கள்" என்று கத்திக்கொண்டே இருக்கும், கொன்றவனைப் பழிக்குப் பழி வாங்கி இரத்தம் சிந்தினால்தான் அதன் தாகம் அடங்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தப் பறவைக்கு 'ஹாமா' என்று பெயர். ஒரு பறவையின் குரலைச் சாட்டாக வைத்து எத்தனை கொலைகள் தொடர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'ஹாமா' என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. ஆந்தை ஒருவரின் வீட்டின்மீது வந்து அமர்ந்தால் அவரோ அவரது குடும்பத்தில் ஒருவரோ மரணிக்கப்போகிறார் என்று அக்காலத்தவர் கருதினார்கள் என்பதே அது. இவ்விரண்டு விளக்கங்களையும் இமாம் நவவி (ரஹ்) எடுத்தெழுதியிருக்கிறார்கள். இரண்டாவதைப் படிக்கும்போது அது நம் ஊரைப் பற்றி எழுதப்பட்டது போலவே இருக்கிறது.

புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் பறவைச் சகுனம் என்பது இல்லை, ஹாமா என்பது இல்லை, ஸஃபர் மாதப் பீடை என்பது இல்லை என்று மறுத்துரைத்தார்கள். ஸஃபர் பீடையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒடுக்கத்துப் புதனில் மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடித்த பழக்கம் பல ஊர்களில் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் அதே ஹதீஸில், அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் ஆந்தையை மட்டும் நாம் மறந்துபோனோம். இன்னும் கல்லுக்கு இலக்காக அது கூரையில் உட்கார்ந்திருக்கிறது.

"ஆனால் எங்கள் மூத்தம்மா மௌத்தான இரவில் ஆந்தை அலறியதை நானே கேட்டேனே!" என்று சிலர் சொல்வீர்கள். கேட்டிருப்பீர்கள். அதில் பொய்யில்லை. சாதாரண நாளில் இஷாத் தொழுது சாப்பிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடும் வீடு, நோயாளி இருக்கும்போது விடியவிடிய விளக்கெரிய விழித்திருக்கிறது. விளக்குக்குப் பூச்சிகள் வருகின்றன. பூச்சியைத் தேடிப் பல்லி வருகிறது. இவற்றைத் தின்னும் சின்ன ஆந்தையும் வருகிறது. மற்ற நாட்களிலும் அது கத்தியதுதான். கேட்பதற்கு நீங்கள் விழித்திருக்கவில்லை. ஆந்தை கத்தியும் எவரும் மரணிக்காத இரவுகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. மரணித்த ஒரேயோர் இரவு மட்டும் பரம்பரை பரம்பரையாகச் சொல்லப்படுகிறது.

இதில் மிகவும் வருந்தத்தக்க விடயம் ஒன்று உண்டு. நோய் விசாரிக்க வருபவர்கள், நோயாளியின் காதில் விழும்படியாகவே "ராத்திரி சாக்குருவி கத்தினதாம்" என்று பேசிவிட்டுப் போகிறார்கள். ஆறுதல் சொல்ல வந்த இடத்தில், படுக்கையில் கிடப்பவருக்கு அதைவிடக் கொடிய வார்த்தை வேறென்ன இருக்கிறது?

எங்கும் ஆந்தைக்கு இதே கதி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் வெள்ளி நாணயத்திலேயே ஆந்தையைப் பொறித்தார்கள்; அவர்களுக்கு அது அறிவின் சின்னம். இந்தியாவிலோ சூனியம் செய்வதற்கென்றே ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள். அந்தக் கொடுமையைப் பற்றி 2010இல் ஒரு விரிவான அறிக்கையும் வெளிவந்தது. ஒரே பறவை, அவரவர் மனதில் உள்ளதை அதன் தலையில் ஏற்றிவைக்கிறார்கள்.

நம் நாட்டு ஆந்தைகள்

இலங்கையில் பத்துக்கும் மேற்பட்ட ஆந்தை இனங்கள் வாழ்கின்றன. எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. கிராமத்தில் இருப்பவர்கள் குரலையாவது கேட்டிருக்கக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

தென்னந்தோப்பிலும் பலா மரத்திலும் நம் வளவுக்குள்ளேயே வாழ்வது, காதுபோல இரண்டு இறகுக் கொம்புகள் உள்ள சின்ன ஆந்தை. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம்தான். தவளை கத்துவதைப்போல மெல்லிய குரலில், ஏதோ கேள்வி கேட்பது போல, விட்டுவிட்டுக் குரல் கொடுக்கும். வண்டு, வெட்டுக்கிளி, பல்லி இவையே அதன் உணவு. சிங்களத்தில் 'பக்கமூனா' என்பார்கள். 1769இல் ஐரோப்பியர் ஒருவர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது அந்தச் சிங்களப் பெயரையே எடுத்துக்கொண்டார். உலகத்துப் பறவை நூல்களிலெல்லாம் இன்றும் அது நம் நாட்டுச் சொல்லாலேயே அழைக்கப்படுகிறது.

குளக்கட்டில் நிற்கும் மருத மரத்திலிருந்து அடித்தொண்டையில் 'தும்... ஹூ... ஹூ' என்று ஒரு முழக்கம் கேட்டிருக்கிறீர்களா? அது மீன் பிடிக்கும் பெரிய ஆந்தை. மீன், நண்டு, தவளை என்று தண்ணீரை நம்பி வாழ்வது. மற்றப் பல ஆந்தைகளுக்குக் கால்வரை இறகு மூடியிருக்கும். இதற்குக் கால் வெறுங்காலாக இருக்கும். ஏனென்றால் தண்ணீரில் காலை விட்டுப் பிழைப்பது அதன் தொழில். இதன் விஞ்ஞானப் பெயரில் 'சிலோன்' ஒட்டியிருக்கிறது. இதே இனம் மேற்கே துருக்கியின் தென்பகுதி வரை, மிக அரிதாக, வாழ்கிறது. அங்கேயும் அதற்கு நம் நாட்டின் பெயர்தான்.

காட்டோரக் கிராமங்களில் சில இரவுகளில் பெண்ணொருத்தி கழுத்து நெரிபட்டு அலறுவது போன்ற சத்தம் வரும். இதைச் சிங்களச் சகோதரர்கள் 'உலமா' என்பார்கள். (நமது உலமாப் பெருமக்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது!) மனைவியைச் சந்தேகித்த கணவன் குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறியதாகவும், கறிக்குள் குழந்தையின் விரலைக் கண்டு அவள் பித்துப் பிடித்துக் காட்டுக்குள் ஓடிப் பறவையாகி அலறுவதாகவும் ஒரு பழைய கதை உண்டு. அந்த அலறல் எந்தப் பறவையுடையது என்று நூறு வருடங்களுக்கு மேலாக வாதம் நடந்தது. காட்டில் வாழும் மிகப் பெரிய கொம்பு ஆந்தையே அது என்பது இப்போது பலருடைய கருத்து.

இன்னொரு செய்தி. 1995இல் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் அதுவரை கேட்டிராத ஒரு மெல்லிய குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரியதைக் கண்ணால் காண அவருக்கு ஆறு வருடங்கள் சென்றன. 2001 ஜனவரியில் சிங்கராஜக் காட்டில் அதைக் கண்டார். உலகத்தில் எவரும் அறிந்திராத ஒரு புதிய ஆந்தை! 2004இல் அதற்கு முறைப்படி பெயர் சூட்டப்பட்டது. ஆங்கிலத்தில் அதைச் 'செரண்டிப்' ஆந்தை என்கிறார்கள். அரபு வணிகர்கள் இந்தத் தீவுக்கு வைத்த பெயர் அது. விஞ்ஞானப் பெயரில், சிங்கராஜக் காட்டை மரம் வெட்டுவோரிடமிருந்து காப்பாற்றப் பாடுபட்ட திலோ ஹொப்மன் நினைவுகூரப்படுகிறார். நூற்றாண்டுக்கு மேலாகப் புதுப் பறவையினம் எதுவும் கண்டுபிடிக்கப்படாதிருந்த நாட்டில், அந்தக் குறையைத் தீர்த்தது நாம் அபசகுனம் என்று விரட்டும் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றுதான்.

வயலுக்கு வரும் வெள்ளை முகம்

இனிக் கூகைக்கு வருவோம். இதய வடிவில் வெள்ளை முகம், பொன்னிற முதுகு, வெளிறிய வயிறு. இருட்டில் சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே பறந்து போனால் யாரும் பேய் என்றுதான் நினைப்பார்கள். பாழடைந்த வீட்டு முகட்டிலும் பழைய கட்டடங்களின் பொந்துகளிலும் இது முட்டையிடும். குஞ்சுகள் பசியில் பாம்பு சீறுவது போல இரவு முழுவதும் சீறும். ஊருக்கொரு 'பேய் வீடு' இருக்கிறதே, அவற்றில் எத்தனையில் கூகை குடித்தனம் நடத்துகிறதோ! எல்லா ஊர்களிலும் கூகை இருப்பதில்லை. உங்கள் ஊரில் இருந்தால், வயலுக்கு அதைவிடப் பெரிய நன்மை செய்யும் பறவை வேறில்லை.

ஏனென்றால் அது எலி தின்றே வாழ்கிறது. ஓர் இரவில் மூன்று நான்கு எலிகளை ஒரு கூகை சர்வசாதாரணமாகத் தின்னும். குஞ்சு பொரித்த காலத்தில் தாயும் தகப்பனும் மாறிமாறி வேட்டையாடிக் கொண்டுவந்து கொட்டும். நான்கு, ஐந்து குஞ்சுகள் இரண்டு மாதம்வரை கூட்டிலேயே இருந்து தின்னும் என்றால் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் எப்படிப் பிடிக்கிறது? கண்ணாலா, காதாலா? பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகுக்குக் கேட்கச் செய்த ரொஜர் பேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைச் சோதித்தார். ஒளியே புகாத அறையில் சருகுகளைப் பரப்பி எலியை விட்டார். சருகு சலசலத்த அடுத்த கணம் கூகை குறிதவறாமல் பாய்ந்து பிடித்தது. பிறகு சத்தமெழாத தரையில், எலியின் வாலில் சலசலக்கும் பொருளொன்றைக் கட்டி ஓடவிட்டார். கூகை எலியை விட்டுவிட்டு அந்தப் பொருளின்மீது பாய்ந்தது! அது கேட்டே பிடிக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையா? அதன் காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் அமைந்திருக்கின்றன. ஒரே சத்தம் இரு காதையும் எட்டுவதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தைக் கொண்டு எலி இருக்கும் இடத்தை அது மட்டுக்கட்டுகிறது. அந்த வெள்ளை முகமே சத்தத்தைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் கிண்ணம்தான். சிறகின் ஓரம் சீப்புப் பல் போன்றும் மேற்பரப்பு பட்டுப்போலவும் இருப்பதால் பறக்கும்போது காற்று இரைவதில்லை. கண்ணைச் சுழற்ற முடியாது. அதற்குப் பதிலாகக் கழுத்தை முக்கால் வட்டம்வரை திருப்பலாம். நமக்குக் கழுத்தில் ஏழு எலும்புகள், ஆந்தைக்குப் பதினான்கு. படைத்தவன் எதை வீணாகப் படைத்தான்?

அக்கரைப்பற்று, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வட்டைகளில் வேளாண்மை செய்பவர்களுக்கு எலியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குடலைப் பருவத்தில் அகழான் இறங்கினால் ஒரே இரவில் வயல் நடுவே வெட்டையாகிவிடும். வரம்பைத் துளைத்து நீரை வேறு வடியவைக்கும். கதிரை இழுத்துக்கொண்டுபோய் வளைக்குள் சேமித்தும் வைக்கும். போகம் முழுவதும் கடன்பட்டு உழைத்த குடும்பத்தின் சோறல்லவா அது? போதாக்குறைக்கு எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியே கிருமி உடம்பில் ஏறுகிறது. 2008இல் மட்டும் ஏழாயிரத்துக்கும் அதிகமானோருக்கு இந்த நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறு பேர் இறந்தார்கள். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்வதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். ஆந்தை இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

எலிப்பாஷாணம் செய்யும் வேலை

எலித்தொல்லைக்கு நாம் கண்ட சுலப வழி மருந்து வைப்பது. இங்கேதான் கல்லைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. இப்போது கடைகளில் கிடைக்கும் மருந்துகள் பல, இரத்தத்தை உறையவிடாமல் செய்து எலியைக் கொல்பவை. தின்றவுடன் எலி சாவதில்லை. சில நாட்கள் சோர்ந்து, தள்ளாடித் திரிந்துதான் சாகும். தள்ளாடும் எலியைத்தான் ஆந்தை முதலில் பிடிக்கும். ஒன்றிரண்டு எலிகளில் உள்ள நஞ்சு கொல்லாவிட்டாலும், தின்னத்தின்ன அது ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். பிரித்தானியாவில் இறந்து கிடந்த கூகைகளைப் பல வருடங்களாகச் சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலானவற்றின் ஈரலில் இந்த மருந்து இருந்தது.

எலி மாதக்கணக்கில் பெருகிவிடும். கூகைக்கு வருடத்தில் ஒன்றிரண்டு ஈடு குஞ்சுதான். நஞ்சில் இரண்டும் செத்தால் முதலில் திரும்பி வருவது எது? அடுத்த போகத்தில் இன்னும் கூடுதலான மருந்து வாங்க வேண்டியதுதான். கடைக்காரருக்கு நட்டமில்லை.

மலேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். மலாய் மொழியில் ஆந்தைக்குப் 'புரோங் ஹந்து' என்று பெயர். 'பேய்ப் பறவை' என்று அர்த்தம். அங்குள்ள முஸ்லிம்களும் நம்மைப் போலப் பயந்தவர்களே. ஆனால் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலி பெருகி நட்டம் ஏற்பட்டபோது, தோட்டங்களில் மரப்பெட்டிகளைக் கம்பத்தில் நிறுத்திக் கூகைகளைக் குடியேற்றினார்கள். 1980களிலிருந்து இது பரவியது. சிலாங்கூர் மாநிலத்தில் நெல்வயல்களிலும் பெட்டிகளை நட்டார்கள். இடையில், கடுமையான புதுவகை எலி மருந்துகளுக்கு மாறிய தோட்டங்களில் கூகைகளின் தொகை சட்டென்று விழுந்தது. நஞ்சும் கூகையும் ஒரே வயலில் வேலை செய்யாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். பெயர் இன்றும் பேய்ப் பறவைதான். என்றாலும் பெட்டி செய்து கொடுத்து வரவேற்கிறார்கள்.

கூகை வந்துவிட்டால் எலி அடியோடு ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். எலி மிதமிஞ்சிப் பெருகிய பிறகு ஆந்தையால் மட்டும் சமாளிக்க முடியாது. வரம்பைத் துப்புரவாக வைத்திருப்பது, வளையைத் தோண்டி அழிப்பது, வட்டை முழுவதும் ஒரே காலத்தில் விதைப்பது, இவற்றோடு சேர்ந்துதான் ஆந்தையும் உதவும். ஆனால் அது கூலி கேட்காமல் உதவும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, மருந்து வைத்தே தீரவேண்டுமென்றால், காலையில் வரம்புகளில் நடந்து செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். கோழிக்கும் பூனைக்கும்கூட இது பாதுகாப்பு.

ஆள் உயரத்துக்கு மேலான கம்பை வயலுக்குள் நட்டு, தலைப்பில் குறுக்குக் கட்டை ஒன்று கட்டிவிடுங்கள். தென்னை மட்டையை நட்டு வைத்தாலும் போதும். ஆந்தை இருந்து பார்த்து வேட்டையாட அதற்கு ஓரிடம் கிடைக்கும். பகலில் கரிக்குருவி வந்திருந்து பூச்சி பிடிக்கும். குடலைப் பருவம் வரும்வரை காத்திராமல் விதைத்த கையோடு நட்டுவிடுவது நல்லது. பொந்துள்ள பட்ட தென்னை, கிழட்டு மருதை இவற்றை, வீட்டின்மேல் விழும் ஆபத்து இல்லையென்றால், வெட்டாமல் விடுங்கள். ஆந்தை தானே கூடு கட்டுவதில்லை. பொந்தில்லாத ஊரில் அது குடியிருக்காது.

ஆந்தையைக் கொல்வது சட்டப்படியும் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. காயப்பட்ட ஆந்தையைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. "அழுதால் ஆந்தை வந்து பிடிக்கும்" என்று சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். நாளைக்குக் கல்லெறியும் கையை அந்த வார்த்தைதான் உருவாக்குகிறது. அதைவிட, ஆந்தை இருக்கும் மரத்தடிக்குப் பகலில் கூட்டிச் செல்லுங்கள். ஆந்தை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெருவிரல் பருமனில், கறுத்துக் காய்ந்த உருண்டைகளாக அவை கீழே கிடக்கும். குச்சியால் பிரித்தால் எலியின் மண்டையோடு, பல், தாடை எல்லாம் முழுமையாக இருக்கும். எத்தனை எலி தின்றிருக்கிறது என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வையுங்கள்.

அப்படிப் போகும்போது மரத்தடியில் ஓர் ஆந்தைக் குஞ்சு, பஞ்சு உருண்டை போல, திருதிருவென்று விழித்துக்கொண்டு கிடக்கக்கூடும். அநாதை என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். பாலும் சோறும் கொடுத்தால் அது செத்துப்போகும். அனேகமாக அது பறக்கப் பழகும் குஞ்சாகத்தான் இருக்கும். காகத்துக்கும் பூனைக்கும் எட்டாதபடி, ஒரு துணியால் மெல்லப் பிடித்து அதே மரத்தின் தாழ்ந்த கிளையொன்றில் வைத்துவிட்டு விலகி வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு தாயும் தகப்பனும் அந்தக் குஞ்சின் குரலைத் தேடி வந்து உணவூட்டும்.